பவளப் பாரும் கரைவாழ் மக்களும்

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் நீரிணையைப் பிறைக் கரையிலிருந்து நோக்குவோருக்கு, பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகே, ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகக் கிடக்கும் இக்கடலில் பவளம் ஏன் வளரவில்லை என்ற வினா எழுவது இயல்பே. உஷ்ணம் வேண்டிய அளவு இருக்கிறது, உப்பும் இருக்கிறது, ஆழமும் அதிகமில்லை. இல்லாதது ஒளி ஒன்றே. பிறை ஆறும், அதற்கு வடக்கே மூடா ஆறும், தெற்கே ஜூரு ஆறும் வயல்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் அரித்து வரும் நுண்ணிய சேற்றை இடைவிடாமல் நீரிணையில் கொட்டுகின்றன. ஏற்றமும் வற்றமும் அச்சேற்றை அடியில் தங்கவிடாமல் நாள்தோறும் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. அலையாத்தி மரங்களுக்கும் இறாலுக்கும் சிப்பிக்கும் அது வாழ்வளிக்கும் சேறுதான். ஆயினும் வெயில் பட்டால் அன்றி வாழ இயலாத பவளத்துக்கு அதுவே மரணம். ஆகவே பவளத்தைக் காண விரும்பும் பினாங்குவாசி, தீவின் தென்மேற்கே உள்ள சிறிய கென்டித் தீவின் பாறை ஓரத்துக்குப் போக வேண்டும். அல்லது கெடாக் கடலில், லங்காவிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் தெளிநீரில் நிற்கும் பாயார் தீவுக்குப் படகேற வேண்டும்.

பவளத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் அதன் ஜீவித முறையிலிருந்து தொடங்கினால்தான், அழிந்த பவளத்தை மீட்பது என்பது எத்தகைய காரியம் என்பது விளங்கும். நம் கண்ணுக்குக் கல்லாகவும் செடியாகவும் தோன்றுவது, ஜெல்லிமீனுக்கும் கடற்சாமந்திக்கும் உறவான ஒரு பிராணியின் குடியிருப்பு. பாலிப் எனப்படும் அச்சிற்றுயிர் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே உள்ளது. கடல்நீரில் கரைந்து கிடக்கும் சுண்ணாம்புச் சத்தை ஈர்த்து, தன் உடலுக்கு அடியில் கல்லாகப் படியவைத்து, அதன்மேல் தான் அமர்ந்து, தானே பல்கிப் பெருகி, ஆயிரமாண்டுக் காலத்தில் கப்பலையும் உடைக்கும் பாறைத்தொடரை எழுப்பிவிடுகிறது. இத்தனைக்கும் வேண்டிய சக்தியை அது பெரும்பாலும் தானாகத் தேடுவதில்லை. அதன் தசைக்குள் குடியிருக்கும் ஒருசெல் பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்து அதில் பெரும்பங்கைத் தங்களுக்கு இடமளித்த உயிருக்குத் தந்துவிடுகின்றன. பவளத்தின் பழுப்பு, பச்சை வர்ணங்களும் பெரும்பாலும் அப்பாசிகளால் வருவனவே. நீரின் உஷ்ணம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, அவ்வண்ணமே சில வாரங்கள் நிலைத்துவிட்டால், இந்தக் கூட்டுவாழ்க்கை குலைந்து, பாசிகள் வெளியேற்றப்பட்டு, கண்ணாடி போன்ற தசையின் ஊடே வெண்ணிறக் கல் தெரியத் தொடங்குகிறது. அதைத்தான் வெளிறுதல் என்கிறோம். வெளிறிய பவளம் செத்த பவளமல்ல. விரைவில் நீர் குளிர்ந்தால் பாசிகள் திரும்பும், குளிராவிட்டால் அது பட்டினியால் மடியும்.

உலகக் கடலடியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத பவளப் பாறைகளை, கடல்வாழ் இனங்களில் நான்கில் ஒரு பங்கு தம் வாழ்வின் ஏதேனும் ஒரு பருவத்தில் அண்டி நிற்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மீன் பிடித்து உண்ணும் எந்தக் கரைக்கும் இது தூரத்துச் செய்தியாக இருக்க முடியாது.

பாயார், காச்சா, லெம்பு, செகன்தாங் என்ற நான்கு தீவுகளும் 1994இல் மலேசிய அரசின் உத்தரவால் கடற்பூங்காவாயின; அவற்றைச் சுற்றி இரண்டு கடல்மைல் வரை மீன்பிடிப்பது சட்டவிரோதம். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இத்தகைய பாதுகாப்புப் பெற்ற பவளப் பிரதேசம் மிக அரிது. சட்டம் வலையைத் தடுத்தது. ஆனால் அதே தொண்ணூறுகளில் லங்காவியிலிருந்தும் பினாங்கிலிருந்தும் படகு படகாக வந்து இறங்கிய உல்லாசப் பயணிகளில், நீந்தத் தெரியாதவர் பவளத்தின் தலைமேலேயே நின்று இளைப்பாறினார்கள் என்பதையும், 1998இலும் 2010இலும் வந்த வெப்பத்துக்கு எல்லைக்கோடு எதுவும் தெரியாது என்பதையும் அக்காலத்து ஆய்வுகளைப் படிப்போர் அறிவர். காவற்படகு காக்கக்கூடியது ஓரளவே. ஒரு பவளப் பாறையின் விதியை நிர்ணயிப்பது அதை அன்றாடம் தொடும் ஜனங்களின் நடத்தையே என்னும் கருத்தை விஞ்ஞானிகள் ஏற்றுக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. அதை மிகத் தெளிவாகக் கற்பித்த இடங்களில் ஒன்று, நம் முன்னோரில் பலர் கப்பலேறிய கரைக்கு அருகிலேயே இருக்கிறது.

‘ராஜுலா’க் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்தோர் பலர். அச்சீமையின் தென்கரை நெடுக, பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் கரைக்கு இணையாக நிற்கின்றன: மண்டபத்தை ஒட்டி ஏழு, கீழக்கரையை ஒட்டி ஏழு, வேம்பாரை ஒட்டி மூன்று, தூத்துக்குடியை ஒட்டி நான்கு. குருசடை, முயல்தீவு, அப்பா, நல்லதண்ணி, கரியச்சல்லி, வான்தீவு என்றெல்லாம் மீனவர் பெயரிட்டு அழைக்கும் அவை ஒவ்வொன்றையும் சூழ்ந்து, அவர்கள் ‘பார்’ என்று வழங்கும் பவளத் திட்டுகள் உண்டு. இதுவரை 117 வகைப் பவளங்கள் அங்கே அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தார் கூட்டிய பவள ஆராய்ச்சி மாநாடே, இன்று உலகத்தார் நான்காண்டுக்கு ஒருமுறை கூட்டும் சர்வதேசப் பவளப்பாறை மாநாட்டு வரிசையில் முதலாவதாக எண்ணப்படுகிறது என்பது தமிழர் பலர் அறியாத பெருமை. கோபிநாத பிள்ளை போன்ற அறிஞர்கள் அக்காலத்தில் அங்கே பவள இனங்களை வகைப்படுத்தித் தந்த கணக்கு இல்லாவிட்டால், பின்வந்தோர் எதை இழந்தோம் என்பதையே அறிந்திருக்க முடியாது.

இழப்பு அப்போதே தொடங்கிவிட்டிருந்தது. பவளக்கல் சுட்டால் சுண்ணாம்பு, அடுக்கினால் சுவர். 1964ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து இன்றும் நிற்கும் தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவர்களில் அக்கல்லைக் காணலாம். ஒரு கோயிலுக்கும் சில வீடுகளுக்கும் எடுத்த கல்லால் கடல் நலியவில்லை. சுண்ணாம்புக் காளவாய்களும் கால்சியம் கார்பைடு தொழிலும் கேட்கத் தொடங்கியபோதுதான், தூத்துக்குடித் தீவுகளைச் சுற்றிலும் ஆட்கள் மூழ்கிக் கடப்பாறையால் பெயர்த்து வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களைக் குறை கூறுவது எளிது. மீன் குறைந்த பருவத்தில் அடுப்பெரிய வேறு வழியில்லாதவன், கல்லுக்கு அன்றைக்கே கூலி கிடைக்கும்போது அதைத் தொடாமல் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு அதிகாரமில்லை. எனினும் விளைவு விளைவே. வளைகுடாவில் ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் இருந்த பவளப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் முற்றும் அழிந்துபோயிற்று என்று இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் நீருக்குள் இறங்கி அளந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பார் அழிந்தால் தீவும் அழியும் என்பது அடுத்த பாடம். அலையின் வலிமையில் 97 சதவீதத்தைப் பவளப் பாறை கரைக்கு வருமுன்பே உடைத்துவிடுகிறது என்று உலகின் பல கரைகளில் எடுத்த அளவுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அந்த மறைவு நீங்கியதும், மணலும் பவளத் துணுக்குகளுமாய்க் குவிந்த அத்தாழ்ந்த தீவுகளை அலை நேரே தாக்கி அரிக்கலாயிற்று. விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் மூழ்கிவிட்டன. 21 என்று பள்ளிப் பாடத்தில் படிக்கும் தீவுகளில் இரண்டு இன்று அலைக்கு அடியில் இருக்கின்றன.

இந்தப் பிரதேசத்தை 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா என்றும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் என்றும் அரசு அறிவித்தது. அறிவிப்பால் கல் எடுப்பது நின்றுவிடவில்லை. 2001இல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டபின், அதாவது சட்டத்தின் கண்ணில் பவளமும் புலியும் ஒரே தரத்தில் வைக்கப்பட்டபின், கெடுபிடி கூடியது. ஆயினும் மக்கள் மனத்தை மாற்றியது 2004 டிசம்பரில் பினாங்குக் கரையிலும் உயிர்களைப் பறித்த அதே ஆழிப்பேரலை. தீவுகளும் பார்களும் தங்களுக்கு அரணாக இருப்பதைப் பிரத்தியட்சமாக உணர்ந்த கிராமங்களில், கல் எடுப்பவனை அயலானே தடுக்கத் தொடங்கினான். 2005இல் அத்தொழில் ஏறக்குறைய முற்றிலும் ஓய்ந்தது. அதற்குள் அங்கே இயங்கத் தொடங்கியிருந்த உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை, கடலோரக் கிராமங்களில் குழுக்களை அமைத்து, சிறுகடனுக்கும் மாற்றுத்தொழிலுக்கும் வழிசெய்ததும் இதற்குத் துணை நின்றது. தடையும் பிழைப்பும் ஒன்றாக வந்தன. ஒன்று மட்டும் வந்திருந்தால் காரியம் ஆகியிருக்காது என்பது என் துணிபு.

அழித்தல் நின்ற பின்னரே ஆக்கலுக்கு அர்த்தம் உண்டு. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார், பேட்டர்சன் எட்வர்ட் என்ற விஞ்ஞானியின் தலைமையில், 2002 முதல் பவளத்தை மீண்டும் நிலைநாட்டும் சோதனைகளைச் செய்து வருகிறார்கள். அவர்கள் கையாளும் உபாயத்தின் அடிப்படை நம் வீட்டுக் கொல்லையில் முருங்கைக் கொம்பை ஒடித்து நடுவதைப் போன்றதுதான்: கிளைத்து வளரும் பவளத்தில் விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரு துண்டை எடுத்து உறுதியான இடத்தில் பொருத்திவிட்டால், அது காயம் ஆறி, அடியில் சுண்ணாம்பை ஊற்றித் தன்னைத் தானே பிணைத்துக்கொண்டு புதிய குடியிருப்பாகத் தழைக்கும். தாய்ப் பவளத்துக்கு ஊறு நேராதவாறு அளவோடு எடுத்த துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் நைலான் கயிற்றால் கட்டி, அப்பலகைகளைக் கான்கிரீட் சட்டங்களின்மேல் வைத்து, அலையடி கடுமையாக இல்லாத ஆழத்தில் இறக்குகிறார்கள். கொம்புப் பவளங்கள் அங்கே ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேலும் வளர்வதைக் கண்டிருக்கிறார்கள். உருண்டைப் பவளங்களோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே பெரிது. ஆகவே மீட்புப் பணியில் ஈடுபட்ட எல்லா நாட்டாரும் முதலில் கொம்புப் பவளத்தையே நாடுகிறார்கள். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

துண்டை நட்டதும் வேலை முடிந்ததென்று எண்ணுவது தவறு. முதல் சில மாதங்களில் அதன்மேல் படியும் மண்ணைத் துடைக்க வேண்டும். கயிற்றிலும் சட்டத்திலும் முளைக்கும் பாசியைச் சுரண்ட வேண்டும். பவளத்தைத் தின்னும் நத்தையையும் நட்சத்திர மீனையும் அகற்ற வேண்டும். அறுந்து மிதந்து வந்து சுற்றிக்கொள்ளும் வலைத்துண்டை வெட்டியெடுக்க வேண்டும். ஒரு ஸ்தாபனத்தின் விஞ்ஞானி மாதத்தில் சில நாட்களே கடலுக்கு வர முடியும். நாள்தோறும் அக்கடலில் இருப்பவன் மீனவன். எந்த மாதத்தில் எத்திசை நீரோட்டம் மண்ணைக் கொண்டுவரும், எந்தப் பாரில் கலவாயும் விளமீனும் முன்பு கிடைத்தன என்பது அவன் தகப்பனிடம் கற்ற அறிவு. அவ்வறிவைக் கேட்டுப் பெறாமல் வரைபடத்தை மட்டும் நம்பிச் சட்டம் இறக்கினால், அடுத்த பருவக்காற்றில் அது மண்ணுக்குள் புதைந்து கிடக்கும்.

இங்கே பாம்பன் பகுதிப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டைக்கோரையையும் பறித்து விற்பது அங்குள்ள பெண்களின் பரம்பரைத் தொழில். முறையான கண்ணாடியும் காலணியும் இல்லாமல், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறைகளுக்கு இடையே மூச்சடக்கி உழைப்பவர்கள் அவர்கள். தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அவர்களுடைய தொழிலே குற்றமாகிவிட்டது. படகைப் பறிகொடுத்தோரும் அபராதம் கட்டினோரும் உண்டு. அவர்கள் கூட்டமைப்பாகத் திரண்டு தங்கள் உரிமையைக் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல், மாதத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் பறிப்பதில்லை என்றும், மீன்கள் இனம்பெருக்கும் பருவத்தில் கடலுக்குள் இறங்குவதில்லை என்றும், பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை என்றும் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் பாதுகாப்புக்காக உழைப்போரைக் கௌரவிக்கும் சீகாலஜி பரிசு 2015இல் வழங்கப்பட்டது. எந்தச் சர்வகலாசாலையும் எழுதித் தராத அவ்விதி, பூங்காவின் பாதுகாவலுக்குப் பல காவற்படகுகள் செய்யக்கூடியதைவிட அதிகம் செய்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

விஞ்ஞானம் தவறு செய்யும் இடத்திலும் கரைவாழ் மக்களின் கைதான் தேவைப்படுகிறது. வருமானத்துக்காகத் தொண்ணூறுகளில் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ‘கப்பாஃபைக்கஸ்’ என்னும் அந்நியக் கடற்பாசி, வளர்ப்பிடத்தை விட்டுத் தப்பிக் குருசடைத் தீவின் உயிர்ப் பவளங்களின்மேல் போர்வையாகப் படர்ந்து மூச்சடைப்பதை 2008இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். அதை மருந்தடித்து ஒழிக்க வழியில்லை. சிறு துணுக்கு எஞ்சினாலும் மறுபடி தழைக்கும். ஆகவே வனத்துறையார் உள்ளூர்க்காரரைக் கொண்டு கையால் பறித்தே அகற்றி வருகிறார்கள்.

வான்தீவின் கதை வேறொரு வகை. தூத்துக்குடிக்கு அண்மையில் உள்ளதால் கல்லெடுப்பில் மிகுதியும் அடிபட்ட அத்தீவு, 2015 வாக்கில் மூழ்கும் தறுவாயில் இருந்தது. அதைச் சுற்றி, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வகுத்த வடிவில், துளைகளோடு கூடிய பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கான்கிரீட் கட்டுமானங்களை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்தது. தீவு மேலும் தேய்வது நின்று மணல் சேரலாயிற்று. துளைகளில் மீன்கள் குடியேறின. மனிதர் நடாமலே பவளக் குஞ்சுகள் அவற்றின்மேல் வந்து ஒட்டிக்கொண்டன. மன்னார் வளைகுடாவின் கொம்புப் பவளங்கள் மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் ஒருசேர முட்டையும் விந்தும் நீரில் விடுகின்றன. அவற்றிலிருந்து பிறக்கும் நுண்ணிய குஞ்சுகள் சில நாட்கள் மிதந்து திரிந்து, கெட்டியான, மண் படியாத தளம் கிடைத்தால் மட்டுமே அமர்கின்றன. அந்தத் தளத்தை அமைத்துத் தருவதே பல இடங்களில் நாம் செய்யக்கூடிய பேருதவி. இப்போது கரியச்சல்லித் தீவையும் இதே முறையில் காக்கத் தமிழ்நாடு அரசு முனைந்திருக்கிறது.

தளம் இல்லாத கொடுமையை நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் காணலாம். சுலாவேசிக்கு மேற்கே ஸ்பெர்மோண்டே தீவுக் கூட்டத்தில், வெடி வைத்து மீன் பிடிக்கும் வழக்கத்தால் பல பார்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே நொறுங்கிப்போயின. நொறுங்கிய கல் அலையில் ஓயாமல் உருண்டுகொண்டே இருப்பதால், அதன்மேல் வந்து அமரும் குஞ்சு ஒவ்வொன்றும் நசுங்கிச் சாகிறது; வெடி நின்று முப்பது ஆண்டு கடந்தாலும் பார் தானாக எழுவதில்லை. அங்கே பொந்தோசுவா, பாடி முதலிய தீவுகளின் மக்களைக் கொண்டு, மணல் பூசிய அறுகோண இரும்புச் சட்டங்களைப் பின்னிப் பிணைத்து நொறுங்கிய கல்லின்மேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் பவளத் துண்டுகளைக் கட்டிவைத்தார்கள். நான்கே ஆண்டுகளில், அம்மீட்கப்பட்ட பார் சுண்ணாம்பைப் படியவைத்து வளரும் வேகம் பழுதில்லாத இயற்கைப் பாருக்குச் சமமாகிவிட்டது என்று 2024இல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வெளியான ஆய்வு கண்டது. ஆனால் அதே ஆய்வாளர்கள், அங்கே நடப்பட்டவை பெரும்பாலும் கொம்புப் பவளங்களே ஆதலால் இனக்கலப்பு இயற்கைப் பாரைப் போல் இல்லை என்றும் எச்சரித்தார்கள்.

முன்பு சொல்லாமல் விட்ட ஆபத்து இதுவே. விரைவில் வளரும் கொம்புப் பவளம்தான் வெப்பத்துக்கு முதலில் பலியாவது. 2016இல் மன்னார் வளைகுடாவில் உயிர்ப்பவளம் மூடியிருந்த பரப்பு, பிப்ரவரிக்கும் அக்டோபருக்கும் இடையில் 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக வீழ்ந்தது. கொம்புப் பவளங்களும் இலைவடிவப் பவளங்களும் பெருமளவில் மடிய, உருண்டைப் பவளங்கள் பல வெளிறியும் பிழைத்தன. ஒரே தாயிலிருந்து ஒடித்த துண்டுகள் அனைத்தும் ஒரே உயிரின் பிரதிகள் ஆதலால், ஒன்று தாங்காத வெப்பத்தை மற்றொன்றும் தாங்குவதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் பல்லாண்டு உழைப்பால் மீட்கப்பட்ட சொம்பிரேரோப் பாரில் 2023 ஜூலையில் வீசிய கடல்வெப்பம், நட்ட பவளம் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. நடுவதற்கான துண்டுகளைக் கடலில் வளர்த்துவந்த நாற்றங்கால்களில் எஞ்சிய பவளங்களை அள்ளிக் கரையில் தொட்டிகளுக்குக் கொண்டுபோய் அம்மக்கள் உயிர் காத்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில், பூமி முழுவதையும் தழுவிய நான்காவது வெளிறுதல் நடந்துகொண்டிருக்கிறது என்று அமெரிக்கக் கடலாய்வுத் துறை அறிவித்தது.

ஆகையால் மீட்புப் பணியே வீண் என்று கூறுவோர் இருக்கிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. வெப்பத்தில் பிழைத்த பவளங்களைத் தேடி அவற்றிலிருந்தே துண்டெடுப்பது, பல தாய்களிலிருந்தும் பல இனங்களிலிருந்தும் கலந்து நடுவது, நாற்றங்காலைக் கோடையில் ஆழநீருக்கு இறக்குவது, முட்டையிடும் இரவுகளில் சேகரித்த குஞ்சுகளை வளர்த்துப் பாரில் விடுவது என்று விஞ்ஞானிகள் அடுத்த அடிகளை எடுத்துவைத்திருக்கிறார்கள். ஆனால் கரியையும் எண்ணெயையும் எரித்துக் காற்றில் கலக்கும் வாயுவைக் குறைக்காமல் இவை யாவும் நெடுங்காலம் நிற்கும் என்று நம்பச் சொன்னால் அது பொய்யுரையாகும். கழிவுநீரும் வண்டலும் வலையும் வருத்தாத பார், வெப்பத்திலிருந்து விரைந்து மீள்கிறது. அவ்வளவே கரைவாழ் மக்களின் கையில் உள்ளது, அவ்வளவையும் அவர்களே செய்ய வேண்டியிருக்கிறது.

மலேசியாவில் அதற்கான ஏற்பாடு உருவாகிவருவது மகிழ்ச்சிக்குரியது. 2007இல் நிறுவப்பட்ட ‘ரீஃப் செக் மலேசியா’ என்னும் அமைப்பு, பட்டம் பெறாத தன்னார்வலரும் பிழையின்றிச் செய்யத்தக்க ஒரு கணக்கெடுப்பு முறையைப் பின்பற்றுகிறது. பாரின்மேல் நூறு மீட்டர் நாடாவை விரித்து, அதில் இருபது மீட்டராக நான்கு பகுதிகளைக் கொண்டு, அரை மீட்டருக்கு ஒருமுறை நாடாவுக்கு அடியில் இருப்பது உயிர்ப் பவளமா, செத்த பவளமா, மணலா, பாசியா என்று குறித்துக்கொள்வார்கள். கிளிமீன், கலவாய், கடல் முள்ளெலி போன்ற சில குறியீட்டு உயிர்களை மட்டும் எண்ணுவார்கள். கிளிமீன் பாசியை மேய்ந்து பவளக் குஞ்சுக்கு இடம் ஒழிப்பது; அது குறைந்த பாரில் பாசி ஏறும். ஆண்டுதோறும் ஒரே இடத்தில் எடுக்கும் இந்த எளிய கணக்கே நோயை முன்கூட்டி அறிவிக்கிறது. தியோமான் தீவில் உள்ளூர் இளைஞர்களே பயிற்சி பெற்றுக் குழுவாக அமைந்து, கைவிடப்பட்ட வலைகளை அகற்றவும், முட்கிரீட நட்சத்திர மீன்களைப் பொறுக்கவும், உடைந்த பவளத்தை மீண்டும் நடவும் செய்கிறார்கள். அவ்வேலைக்கு அவர்களுக்கு ஊதியமும் கிடைக்கவேண்டும் என்பதை நான் வற்புறுத்துவேன். ஏழைகளின் ஓய்வு நேரத்தை இலவசமாகக் கேட்கும் எந்தத் திட்டமும் பணமுள்ள பிரமுகரின் படமெடுப்போடு முடிந்துவிடும்.

பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையம் தீவின் வடமேற்கு முனையில், தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்குள்ள அறிஞர்கள், பாரின் நீரை வடிகட்டித் தூய்மை செய்யும் ராட்சதச் சிப்பிகளைக் குஞ்சு பொரிக்கவைத்துக் கடலில் விடும் கலையில் நாட்டுக்கே முன்னோடிகள். நம் சமூகத்து மாணவர்கள் கடல் உயிரியலைத் தேர்ந்து படிப்பது அரிதாகவே இருக்கிறது. பெற்றோர் அதையும் ஒரு தொழிலாக மதித்துப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். அடுத்த விடுமுறைக்குப் பாயார் தீவுக்குச் செல்வோர், நீந்தத் தெரியாவிட்டால் மிதவைச் சட்டையை அணிந்துகொண்டு மேலேயே மிதந்து பாருங்கள். பவளத்தின்மேல் காலை ஊன்றாதீர்கள். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். நங்கூரத்தைப் பாரில் எறியும் படகுக்காரரிடம் மிதவைக் கம்பத்தில் கட்டும்படி மரியாதையோடு கேளுங்கள். நீந்தத் தெரிந்த இளைஞர்கள் கணக்கெடுப்புப் பயிற்சியில் பெயர் கொடுங்கள்.